பென்சில் மேடம் வேலையை விட்ட காரணம்

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலையை விடுவதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். "இந்த வருஷத்தோட சரி. இனிமே முடியாது." மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது நாலு பேருக்குத் தொற்றிவிடும். எல்லாரையும்விட அதிகமாகப் பேசியவன் நான். சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று, ஆசிரியராகப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு. ஆசிரியர் அறையில் எனக்கு "ராஜினாமா சார்" என்றே பெயர். அந்தப் பெயரோடு இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, ஒரு நாள்கூடக் குறையாமல் ஓய்வு வயதைத் தொட்டு, ஒரு கைக்கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

அந்தப் பேச்சில் ஒருநாளும் வாய் திறக்காதவர் பக்கத்து மேசையில் இருந்த பென்சில் மேடம். விட்டுப் போனது அவர்தான்.

பென்சில் மேடம் என்பது பயிற்சி மாணவிகள் வைத்த பெயர். வருடத்தில் நாற்பது நாள் எங்கள் மாணவிகள் அக்கம்பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய் நிஜ வகுப்பில் பாடம் நடத்த வேண்டும். நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு கவனிப்பு நோட்டு உண்டு. மேலே பாடத்தின் பெயர், தேதி, எங்கள் கையெழுத்து. கீழே "குறைகள்" என்று தலைப்புப் போட்டு அரைப் பக்கம் காலி. அந்த அரைப் பக்கத்தை நிரப்புவதுதான் எங்கள் பிழைப்பு.

மேடம் மேலே உள்ளதையெல்லாம் பேனாவால் எழுதுவார். குறைகளை மட்டும் பென்சிலால் எழுதுவார். பயிற்சி தொடங்குகிற நாளில் தன் மாணவிகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு ரப்பர் கொடுப்பார், சொந்தச் செலவில். "நான் எழுதின குறை சரியாயிடுச்சுன்னு உனக்கு எப்போ தோணுதோ அப்போ வந்து சொல்லு. நான் இன்னொரு தடவை வகுப்புல உக்காந்து பாக்கறேன். சரின்னா, நீயே உன் கையால அழிச்சிடு. நான் அழிக்க மாட்டேன்." வருடக் கடைசியில் அவருடைய மாணவிகளின் நோட்டில் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும், அதற்குக் கீழே வெள்ளைத் தாள்தான் இருக்கும். அழித்து அழித்துத் தாள் மெலிந்துபோய்ப் பின்பக்க எழுத்து தெரியும். "மேடம், உங்க நோட்டுல இந்தப் பக்கத்தைப் படிச்சா அந்தப் பக்கத்துக்கும் சேர்த்துப் படிச்ச மாதிரி" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் பிளேடால் பென்சில் சீவிக்கொண்டே, "உங்க நோட்டுல எந்தப் பக்கத்தைப் படிச்சாலும் ஒண்ணேதானே சார்" என்பார்.

எனக்கு மூக்கு உடையும். ஏனென்றால் அது உண்மை. என்னிடம் மொத்தம் பன்னிரண்டு வாக்கியங்கள் இருந்தன. "கரும்பலகைப் பயன்பாடு மேம்பட வேண்டும்." "குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை." "நேரப் பங்கீட்டில் கவனம் தேவை." எந்த மாணவி எந்தப் பாடத்தை எடுத்தாலும் இந்தப் பன்னிரண்டில் இரண்டைப் பிய்த்து ஒட்டிவிட்டு, அடுத்த பள்ளிக்குப் பஸ் பிடிக்க ஓடுவேன். சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான். ஒரே நாளில் மூன்று பள்ளி, ஏழு வகுப்பு என்றால் நீங்களும் அப்படித்தான் எழுதுவீர்கள்.

பென்சிலுக்குக் காரணம் ஒன்று இருந்தது. கேட்டதற்கு ஒருமுறை சொன்னார். அவரே பயிற்சி மாணவியாக இருந்தபோது, முதல் பாடம் எடுக்கையில் பயத்தில் சுண்ணக்கட்டி கையிலிருந்து நழுவியிருக்கிறது. குனிந்து எடுத்தவர், நிமிர்ந்தபோது பாடத்தை மறந்துவிட்டார். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை சிவப்பு மையில் எழுதிவிட்டார்: "இப்பணிக்கு ஏற்றவர் அல்லர்." அதன்பின் மேடம் ஒன்பது வருடம் ஒரு தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த பிள்ளைகளை வருடா வருடம் எழுதப் படிக்க வைத்து அனுப்பினார். ஆனால் அந்த வரி அந்த நோட்டில் அப்படியே இருந்தது. பெட்டியைத் துழாவிய மகன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அம்மா, உன்னை ஃபெயில் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டானாம். "அவனுக்கு என்ன பதில் சொல்றது சார்? அது அன்னைக்கு மட்டும்தான் உண்மை. மையில எழுதினதால என்னைக்குமே உண்மையாயிடுச்சு" என்றார்.

இப்போது நினைத்தால் அந்தப் பழைய நாட்கள் எல்லாம் ஒரே பொழுது போல இருக்கின்றன. காலை ஏழே முக்காலுக்குப் பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர். அவர் கையில் ஒரு துணிப்பை, அதில் நோட்டு, பென்சில் டப்பா, தண்ணீர். பள்ளிக்கூட பெஞ்சு ஏழு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தது. எனக்கு முழங்கால் மூக்கைத் தொடும். பத்து நிமிடத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து வெளியே போய்விடுவேன். அவர் மணி அடிக்கிற வரைக்கும் அசைய மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அவருடைய பென்சிலைக் கடன் கேட்கும். கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார். மாணவி பாடம் நடத்தி முடித்ததும் மரத்தடியிலோ படிக்கட்டிலோ உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுவார். நான் பஸ் நிறுத்தத்தில் நின்று சபித்துக்கொண்டிருப்பேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவார். "இன்னைக்கு ஒருத்தி ஜன்னலைப் பாத்தே முழுப் பாடத்தையும் நடத்திட்டா சார். ஜன்னலுக்கு இப்போ பெருக்கல் வாய்ப்பாடு தெரியும்." அந்தச் சிரிப்புக்காகவே நான் இரண்டு பஸ்ஸை விட்டிருக்கிறேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அந்த வேலையில் பிடித்ததே அந்தப் பஸ் பயணம்தான்.

மேடத்தின் கடைசி வருட மாணவிகளில் ஒருத்தியைச் சொல்லியாக வேண்டும். வெண்கலம் என்று கூப்பிடுவோம். அவள் வாய் திறந்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து பதில் சொல்லும். அவ்வளவு கணீரென்ற குரல். அவளுடைய குறை வேறு. கேள்வி கேட்பாள், பிள்ளைகள் யோசிப்பதற்குள் அவளே பதிலையும் சொல்லிவிடுவாள். மேடம் பென்சிலால் ஒரே வரி எழுதினார்: "கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணு." வெண்கலம் மூன்று வரை எண்ணுவாள், பொறுக்க மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். பதினோராவது பாடத்தில் அவள் நாலு எண்ணும்போது, அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை கடைசி வரிசையிலிருந்து சரியான பதிலைச் சொல்லிவிட்டது. அன்று அவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடி வந்து, எங்கள் எல்லார் முன்னாலும் நின்று அந்த வரியை அழித்தாள். ரப்பர் தூளை ஊதக்கூட இல்லை, கையால் வழித்து எடுத்துக்கொண்டு போனாள். மேடம் அன்று முழுவதும் சந்தோஷத்தில் நிலைகொள்ளாமல் இருந்தார்.

அதற்குள்ளேயே காலம் மாறிவிட்டிருந்தது. ஒரு ஆசிரியருக்குப் பன்னிரண்டு மாணவிகள் என்பது இருபத்தைந்தாகி, முப்பத்தெட்டாகியது. பதிவேடுகள் குட்டி போட்டன. பாடம் எடுத்ததற்கு ஒரு பதிவேடு, அதற்குத் திட்டமிட்டதற்கு ஒன்று, திட்டத்தை மறுபரிசீலனை செய்ததற்கு ஒன்று. போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். வகுப்பில் ஆசிரியர் நின்றிருக்க வேண்டும், பின்னால் கரும்பலகையில் தேதி தெரிய வேண்டும். நாங்கள் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தியதற்கு ஆதாரம் தயாரித்துக்கொண்டிருந்தோம். உளவியல் பாட ஆசிரியர் ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்குப் போனார். ஓவிய ஆசிரியர் பொம்மைக் கம்பெனிக்குப் போனார். பொம்மை போட்டோ கேட்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர்களின் வேலையும் மிச்சம் இருந்தவர்கள் தலையில் விழுந்தது. நான் "இந்த வருஷத்தோட சரி" என்றேன், வழக்கம்போல.

மேடம் முப்பத்தெட்டு ரப்பர் வாங்கினார்.

அந்த வருடம் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கலாமா என்று பார்ப்பது அவர்கள் வேலை. என் மேசைக்கு வந்து நோட்டுகளைப் புரட்டி, "நன்று" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேடத்தின் மேசையில் ஒரு நோட்டைத் திறந்தார்கள். காலி. இன்னொன்று. காலி. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, பாடத்தின் பெயர், மேடத்தின் கையெழுத்து. கீழே சுத்த வெள்ளை. சிலதில் மட்டும் இன்னும் திருந்தாத குறைகள் பென்சிலில் மங்கலாக.

"ஒரு வகுப்புக்கும் போகலையாம்மா நீங்க?" என்று குழுத் தலைவர் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இடையில் புகுந்திருப்பேன்.

"எல்லா வகுப்புக்கும் போனேன் சார். எழுதினேன். அதையெல்லாம் அவங்க திருத்திக்கிட்டு அழிச்சிட்டாங்க."

"அழிச்சிட்டாங்களா? பதிவேட்டையா?"

அப்போதுதான் அவருக்கே அது எப்படிக் கேட்கிறது என்று புரிந்தது. பதினாலு வருடமாக அதைச் செய்தவர், ஒரு வெளி ஆளின் கண்ணால் அந்த நோட்டைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. வேலை எவ்வளவு நன்றாக நடந்ததோ அவ்வளவு காலியாக இருந்தது நோட்டு.

மறுநாள் மெமோ வந்தது. மேற்பார்வை செய்யாமலே வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டதாகக் குற்றச்சாட்டு. பத்து நாளுக்குள் குறைகளை மையில் எழுதி நோட்டுகளைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் நடவடிக்கை. எங்கள் முதல்வர் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்து பயந்தே முடி நரைத்தவர். "எதையாவது எழுதிக் குடுத்துடுங்கம்மா. எல்லாரும் எழுதறதுதானே" என்றார்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மேடம் சொன்னார், "போயிடலாம்னு தோணுது சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தை என் வாயில் ஆயிரம் தடவை வந்திருக்கிறது, ஒரு தடவையும் கனமாக இருந்ததில்லை.

"சும்மா இருங்க மேடம். ஒரு மெமோவுக்குப் போறதா? நான் பெட்டி நிறைய வெச்சிருக்கேன்."

"மெமோவுக்கு இல்லை. திருத்தினதைத் திரும்ப எழுதச் சொல்றாங்களே. அந்தப் பொண்ணுங்க எவ்வளவு பாடுபட்டு அழிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். அதை என் கையாலேயே மையில எழுதணுமா?" பஸ் வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தார். "ஒண்ணு செய்யறேன். எல்லாப் பக்கத்துலயும் ஒரே வரி எழுதறேன். 'குறை சுட்டிக்காட்டப்பட்டது; மாணவி திருத்திக்கொண்டார்.' அதுதான் நடந்தது. ஒத்துக்கிட்டா இருக்கேன். ஒத்துக்கலைன்னா கடுதாசி குடுத்துடறேன்."

ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். குழுவின் படிவத்தில் குறை என்ன என்று கேட்டிருந்தார்கள். திருந்தியதா என்று கேட்கவே இல்லை.

அந்த வாரமே அவருடைய கணவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. மேடம் மூன்று நாள் விடுப்பு எடுத்தார். கணவர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலையில் இருந்தவர், எனக்கும் பழக்கம். பார்க்கப் போயிருந்தேன். ஒரு கண்ணில் கட்டோடு வாசல் வரைக்கும் வந்து, மெதுவான குரலில் சொன்னார், "சார், வேலையை விடறேன்னு சொல்றா. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. வீட்டுல உக்காந்தா அவ அவளாவே இருக்க மாட்டா. பையனும் போன்ல கெஞ்சறான்." உள்ளே மேடம் மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். "நான் பாத்துக்கறேன்" என்று அவரிடம் வாக்குக் கொடுத்தேன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். முப்பத்தெட்டு நோட்டும் மேடத்தின் அலமாரியில் இருந்தன. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கையெழுத்து ஏற்கெனவே எல்லாப் பக்கத்திலும் இருந்தது, மையில். நான் உட்கார்ந்து, மிச்சமிருந்த பென்சில் எழுத்தையும் துடைத்துவிட்டு, என் பன்னிரண்டு வாக்கியங்களையும் மேடத்தின் எழுத்துச் சாயலில் இறக்கினேன். இரண்டு மத்தியானம். இருநூறு பக்கத்துக்கு மேல். அட்டையில் யார் பெயர் என்றுகூடப் பார்க்கவில்லை. மேலே இருந்து ஒவ்வொன்றாக எடுத்து, முதல் வாக்கியம், இரண்டாம் வாக்கியம் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போனேன். கை வலித்தது, ஆனால் மனசு நிறைவாக இருந்தது. ஒரு ஆளைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமை. எழுத்தர் வந்து நோட்டுகளைக் கட்டாகக் கட்டிக் குழுவுக்கு அனுப்பினார்.

மேடம் திரும்பி வந்ததும் நேராக என்னிடம் வந்தார். "நோட்டு போயிடுச்சாமே. நான் இன்னும் எழுதவே இல்லையே சார்."

"தேதி தாண்டிடும்னு பாத்தேன். நீங்க சொன்ன அந்த ஒரு வரியை நானே எல்லாத்துலயும் எழுதிட்டேன்" என்றேன்.

பொய். முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்ன பொய். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இருநூறு பக்கமா? உங்களுக்கு எவ்வளவு சிரமம்" என்றார். எனக்கு இருந்த சனிக்கிழமை மேற்பார்வை, ஊருக்கு வெளியே இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பள்ளி. அந்த மாதம் முழுவதும் எனக்குப் பதிலாக அவரே போனார். நானும் போக விட்டேன்.

மூன்று வாரத்தில் குழுவிடமிருந்து கடிதம். மெமோ ரத்து. மேற்பார்வைக் குறிப்புகள் தெளிவாகவும் முறையாகவும் இருப்பதாகப் பாராட்டு. மற்ற ஆசிரியர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாம் என்றுகூட ஒரு வரி. முதல்வர் அதைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார். மேடம் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சார், உள்ளதை உள்ளபடி எழுதினா ஒத்துக்கறாங்க" என்றார். அன்று பஸ்ஸில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் எல்லா ஆசிரியர்களும் பென்சிலில் எழுதலாம் என்று முதல்வரிடம் கேட்கப் போகிறாராம். வேலையை விடுகிற பேச்சே போய்விட்டது. பதினாலு வருடத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. மறந்தேன் என்று சொல்வதைவிட, யோசிக்கவே இல்லை என்பதுதான் சரி. குழுவிடமிருந்து நேராக அலுவலகத்துக்குத் திரும்பும் அந்த நோட்டுகளை, தேர்வு முடிந்ததும் கல்லூரி முத்திரை குத்திச் சான்றிதழோடு மாணவிகளிடமே கொடுத்துவிடுவார்கள். வேலைக்குப் போகிற இடத்தில் பள்ளிக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பார்கள்.

ஒரு புதன்கிழமை பத்தரை மணிக்கு வெண்கலம் வந்து நின்றாள். அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை, ஏதோ முணுமுணுப்பாகப் பேசினாள்.

"மேடம், ஒரு ஸ்கூல்ல இன்டர்வியூ போனேன். நோட்டைப் பாத்துட்டு, சத்தமா பேச வராதாமே உனக்குன்னு கேட்டாங்க. வேலை குடுக்கலை. அது போகட்டும் மேடம். ஆனா நீங்க என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே. மனசுல இப்படி நினைச்சுக்கிட்டா என்னைத் தட்டிக்குடுத்தீங்க?"

மேடம் நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தைப் படித்தார். "குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை." அடுத்த பக்கம். அதற்கடுத்தது. ஆறு பக்கத்தையும் படித்தார். எங்கள் இருவருடைய மேசைக்கும் இடையில் ஒரு முழ தூரம்தான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த வாக்கியங்கள் யாருடையவை என்று அந்த அறையில் தெரியாதவர் கிடையாது.

நான் எழுந்திருக்க வேண்டும். "நான்தான் எழுதினேன்" என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அப்போது முதல்வர் அறைக் கதவு திறந்திருந்தது கண்ணில் பட்டது. இன்னொருவர் கையெழுத்தின் கீழ் எழுதியதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். ஓய்வுக்கு ஐந்து வருடம் இருந்தது. நான் ஒரு பதிவேட்டைத் திறந்து அதில் குனிந்துகொண்டேன்.

"இது உன்னைப் பத்தி எழுதினது இல்லைம்மா" என்று மேடம் அவளிடம் சொன்னது கேட்டது. "உன் நோட்டுல தப்பா ஏறிடுச்சு. என் கையெழுத்து இருக்கறதால இது என் தப்பு. உனக்குக் குரல் இல்லைன்னு நான் ஒருநாளும் நினைச்சதில்லை. நீ நாலு வரைக்கும் எண்ணினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

அந்தப் பெண் அங்கேயே நின்று அழுதுவிட்டாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அவள் போனபின் மேடம் அலுவலகத்துக்குப் போய், நோட்டுகளைத் திரும்ப வாங்கித் திருத்த வழி உண்டா என்று கேட்டார். முத்திரை குத்தியதைத் தொட முடியாது என்றார்கள். வந்து உட்கார்ந்தார். பென்சில் டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார், "முப்பத்தெட்டுலயுமா சார்?"

"ஆமா."

"பேரைப் பாத்தாவது எழுதினீங்களா?"

நான் பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டினேன். அதுவே பதில்.

திட்டியிருக்கலாம். முதல்வரிடம் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. "நான் போயிடக் கூடாதுன்னுதானே செஞ்சீங்க. தெரியுது" என்றார். அவ்வளவுதான். அதைவிட நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த இரண்டு வாரமும் அவர் கடிதம் எழுதினார், முப்பத்தெட்டுப் பேருக்கும் தனித்தனியாக. ஒவ்வொருத்தியும் எதில் தடுமாறினாள், எந்தப் பள்ளியில், எத்தனையாவது பாடத்தில் அதைத் தாண்டினாள் என்று. ஒரு குறிப்பும் கையில் இல்லை. எல்லாம் ஞாபகத்திலிருந்து. இந்த முறை பேனாவால் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பதிவேடுகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வாரமும் நாங்கள் ஒரே பஸ்ஸில்தான் போனோம். பேசிக்கொண்டும்தான் போனோம், மழையைப் பற்றி, அவர் கணவரின் கண்ணைப் பற்றி. அவர் சிரிப்பதற்கு ஏதாவது சொல்லலாம் என்று தேடுவேன், ஒன்றும் வராது.

முப்பத்தெட்டாவது கடிதம் தபாலில் சேர்ந்த மறுநாள் ராஜினாமாவைக் கொடுத்தார். முதல்வர் பதறினார். பாராட்டு வாங்கின ஆள் ஏன் போகிறார் என்று அவருக்கு விளங்கவே இல்லை. ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வேலைச்சுமை என்றார்கள், பதிவேட்டுத் தொல்லை என்றார்கள், நல்ல இடம் கிடைத்திருக்கும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். மெமோ மட்டுமென்றால் தாக்குப்பிடித்திருப்பார். உண்மையை எழுதினால் செல்லாது, பக்கத்து மேசைக்காரன் பெயர் பார்க்காமல் எழுதின பொய் முன்மாதிரி என்று ஆனபின், அதே கையெழுத்தை இன்னொரு வருடம் போட அவருக்கு மனசு வரவில்லை. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பதினாலு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசி நாள் மூன்று மணிக்கு எழுத்தர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். விலகுவதற்கான காரணம் என்று தலைப்பு, கீழே நாலு கட்டம்: உடல்நலம், குடும்பச் சூழல், வேறு பணி, பிற. "பிற" என்பதற்குப் பக்கத்தில் விளக்கம் எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தது. மேடம் பேனாவை எடுத்து அந்த மூன்று வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் மூன்று வரி தாராளமாகப் போதும். பிறகு "குடும்பச் சூழல்" என்ற கட்டத்தில் குறி போட்டார். கணவரும் மகனும் போகாதே போகாதே என்று கெஞ்சிய அந்தக் குடும்பத்தின் மேல் பழியைப் போட்டார்.

"சாட்சிக் கையெழுத்து வேணும். உடன் பணிபுரிஞ்சவங்க யாராவது. காரணம் சரின்னு" என்றார் எழுத்தர்.

மேடம் படிவத்தை என் மேசைக்கு நகர்த்தினார். நான் பேனாவை எடுத்துவிட்டுத் தயங்கினேன்.

"போடுங்க சார்" என்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அன்று அவரோடு பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன், அவர் கூப்பிடவில்லை. இருபத்தாறு வருடத்தில் படிக்காமல் எவ்வளவோ தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் படிவத்தை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டேன்.